அழிந்த கோளுக்கு ஆள் தேவை

இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறாம் ஆண்டுக்கு
இருநூற்றுப் பதினோரு பேர் வேண்டும் என்றார்கள்.
பெரியவிளை, சின்னவிளை என்று வீடு வீடாக ஏறி
இரண்டே நாளில் சேர்த்துக் கொடுத்தேன்.
தலைக்கு ஐந்நூறு.
அதில் ஐம்பது எனக்கு.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுத்த மணல்
இயக்குநருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.
"செட்டே வேண்டாம்" என்றார்.
ஒப்பனைக்காரர் எங்கள் வரிசையை
ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு
பெட்டியைத் திறக்காமலே டீ குடிக்கப் போனார்.

கதை இதுதான்:
காசிருந்தவர்கள் பூமியை விட்டு மேலே போய்
கண்ணாடியில் ஒரு நகரம் கட்டிக்கொண்டார்கள்.
மேலே விளக்கெரியக் கீழேயிருந்து மண் போகிறது.
கீழே நின்று இருமுகிறவர்கள் நாங்கள்.
வசனம் கிடையாது. இருமல் மட்டும்.
லூர்து அண்ணன் நன்றாக இருமினார்,
கைதட்டல் கிடைத்தது.
கட் சொன்ன பிறகும் அவருக்கு நிற்கவில்லை.

மதியம் எலுமிச்சைச் சோற்றுப் பொதியும்
ஆளுக்கொரு மட்டிப்பழமும்.
கேரவனுக்குள் என்ன சாப்பிட்டார்களோ தெரியாது,
கண்ணாடி கறுப்பு.

மூன்று மணிக்கு முக்கியமான ஷாட்.
வானத்தில் கப்பல் போகும்,
உயிர் போகிற மாதிரிக் கையைத் தூக்கிக் கத்த வேண்டும்.
வானத்தில் ஒன்றுமில்லை.
நீளக் கம்பின் நுனியில் பச்சைப் பந்து ஒன்று,
கப்பல் வருகிற இடம் அதுதானாம்.
இருநூற்றுப் பத்துப் பேர் பந்தைப் பார்த்துக் கதறினார்கள்.
வியாகுலம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கட்.
மறுபடியும் கட்.
மூன்றாவது தடவை நானே ஓடினேன்.
"கையத் தூக்கினா என்னக்கா? காசு தரமாட்டான் பாத்துக்க."
"எட்டு நாளு தூக்கினது போரும்லே," என்றாள்.
"ஹெலிகாப்டர் ரெண்டு தடவ தலைக்கு மேல போச்சு.
உள்ள இருந்தவனுக்க கூலிங்கிளாஸ் எனக்குத் தெரிஞ்சுது.
எனக்க கை அவனுக்குத் தெரியாதா?"

புயலுக்குப் பிறகு அவள் மாப்பிள்ளை ததேயுஸின் வள்ளம்
ஒரு பலகையாகக்கூடத் திரும்பவில்லை.
அது எனக்கும் தெரியும்.
இயக்குநரிடம் நான் சொன்னது:
"காது மந்தம் சார், விட்டுருங்க."

படம் வந்தது.
நாகர்கோவிலில் நூற்றுத் தொண்ணூறு ரூபாய் டிக்கெட்.
எங்கள் இருநூற்றுப் பதினோரு பேரைக் கம்ப்யூட்டரில் பெருக்கி
நாற்பது லட்சம் ஆக்கியிருந்தார்கள்.
லூர்து அண்ணன் ஒன்பது இடத்தில் இருமினார்.
நான் வியாகுலத்தைத் தேடினேன்.

இடது ஓரம், மூன்றாவது வரிசை.
அவள்தான். அதே வாடாமல்லி நிறச் சேலை
சாம்பலாக மாறியிருந்தது.
தோளிலிருந்து கை ஒன்று மேலே நீண்டு
ஆடிக்கொண்டிருந்தது.
அவளுக்கு இல்லாத கை.
யாரோ ஒருவன் ஏசி அறையில் உட்கார்ந்து
விரல் விரலாக வரைந்த கை.
நகம்கூட இருந்தது.

பக்கத்து சீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிக்
கண் துடைத்தார்.
இடைவேளையில் அவர் பாப்கார்னில் வெண்ணெய் குறைவென்று
கவுண்டர் பையனைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்துத் திட்டினார்.
நானும் ஒரு பாப்கார்ன் வாங்கினேன். சின்னது.

ஊருக்குத் திரும்பி மீன் சந்தை முனையில் பார்த்தேன்.
"கப்பல் எறங்கிச்சா?" என்று கேட்டாள்.
"எறங்கிச்சு."
"யாருக்கு?"
"ஹீரோவுக்கு. அவனை மட்டும் ஏத்திட்டுப் போயிட்டு."
கொஞ்ச நேரம் சாளைக் கூடையில் ஈ ஓட்டினாள்.
கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப எனக்க மிச்சம் அம்பது?" என்றாள்,
உள்ளங்கையை நீட்டி.
பாக்கெட்டில் போன் அடித்தது.
அடுத்த படமாம். வேறு கோள்,
முந்நூறு பேர்.
அதே முகங்கள் கிடைக்குமா என்று கேட்டார்கள்.

நீட்டிய கை அப்படியே இருந்தது.
நான் திரும்பி நின்று
கடலைப் பார்த்துப் பேசினேன்.